பலாலியிலிருந்து ஒரு மணித்தியாலம்

கொக்கிளாய்,
12.08.2025

அன்பு மகள் கலிஸ்ராவுக்கு,

மாதா காவலில் நீயும் மருமகன் டிலக்ஸனும் பேத்தி நிதர்சனாவும் சுகமாய் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மார்கழி நத்தாருக்குப் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. கடிதத்தைக் கட் பண்ண ஏலாதுதானே, அதுதான்.

இப்போது யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து நீ இருக்கிற திருச்சிக்குப் பிளேன் போகிறது. உன் தம்பி மெல்ரொன் போனில் பார்த்துச் சொன்னான்: வான்வழியில் நூற்றெண்பது கிலோமீற்றர் சொச்சம், ஒரு மணித்தியாலம். நான் நம்பவில்லை. இங்கிருந்து பலாலிக்குப் பஸ்ஸில் போகவே அரைநாள் வேண்டும். கரையிலிருந்து நான் வலை போடும் இடத்துக்கு என் எஞ்சினுக்கு ஒன்றரை மணித்தியாலம். அப்படியென்றால் நீ என் வலையை விடக் கிட்டத்திலல்லவா இருக்கிறாய்!

அன்றிலிருந்து மத்தியானம் கண் அயர்ந்தால் அந்தப் பிளேனில்தான் இருக்கிறேன். சின்னப் பிளேன், இரண்டு பக்கமும் விசிறி. கீழே கடல் சத்தமில்லாமல் கிடக்கிறது. யன்னலால் கையை விட்டுத் தண்ணீரைத் தொடுகிறேன், இளஞ்சூடு. பக்கத்துக் கதிரையில் நீ, ஆறு வயசில், செருப்பில்லாமல். "அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்கிறாய். நான் வாய் திறக்குமுன் முழிப்பு வந்துவிடும்.

நீ அந்த அகதி முகாமை விட்டு வெளிக்கிட ஆயிரம் கடதாசி வேண்டும். எனக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. போன கிழமை முல்லைத்தீவில் ரிக்கற் போடுகிற கடைக்குப் போனேன். அங்கே இருந்த சுதாஜினி என்ற பிள்ளை எல்லாம் எழுதிவிட்டு, "ஐயா, எப்ப திரும்பி வருவியள்?" என்றாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "வெளிக்கிடுற மனுசனிட்டை உப்பிடியே கேக்கிறது? நல்லது கெட்டது ஒண்டும் தெரியாதோ?" என்று கத்திவிட்டு, கடவுச்சீட்டையும் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பி வரும் பஸ் நாயாறு தாண்டும்போதுதான் நீ சொன்னது நினைவு வந்தது.

நத்தாரன்று போனில் நீ அழுதுகொண்டு சொன்னது இதைத்தானே. சண்டைக்குப் பயந்து பேசாலைக் கரையில் உங்களை வள்ளம் ஏற்றிவிட்ட அன்று, "எப்ப வருவாய் எண்டு ஒரு வார்த்தை கேட்டனீங்களோ அப்பா? துலைஞ்சது சனியன் எண்டு நிண்டனீங்கள்" என்றாய். ஐயோ மகள்! கடலுக்கு இறங்குகிற ஆளிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று எங்கள் கரையில் யார் கேட்பார்? கேட்டால் ஆள் திரும்பாது என்ற பயம். என்னை உன் அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. உன்னைக் கேட்கக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பயத்தில் நின்றவனை வெறுப்பில் நின்றான் என்று நினைத்துப் பத்தொன்பது வருசம் இருந்திருக்கிறாய். வள்ளம் போய்ச் சேர்ந்த பிறகாவது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் பிழைதான். ஒவ்வொரு திருநாளுக்கும் உன்னை நினைத்து அழுதிருக்கிறேன், மெல்ரொனுக்குக்கூடத் தெரியாது.

நேற்றுத் திரும்பவும் அந்தக் கடைக்குப் போய், "கோவிக்காதை பிள்ளை" என்றேன். சிரித்தாள். நல்ல பிள்ளை. ஆனால் திரும்பும் திகதி இல்லாமல் விசா எடுக்க ஏலாதாம். "மகளிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்று எழும்பி வந்தேன்.

நீ வரச்சொன்னால்தான் வருவேன். முகாமில் இடம் நெருக்கடி என்று தெரியும், ஒரு பாய் போதும். மாதா உன் வீட்டைக் காக்கட்டும். எத்தனை நாள் என்னை வைத்திருப்பாய் என்று எழுது, மகள். ஒரு நாள்தான் என்றாலும், அந்த ஒரு நாளை எழுது.

உன் அப்பா,
யாகப்பு