கோவிலில் சொல்லவிருந்த பெயர்

மாதா துணை

தூத்துக்குடி,
சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை பெனிஸ்டனுக்கு, மாமா மனுவேல் எழுதுவது.

ஷாம் நலம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். உங்கள் போட்டோவைக் கொடுத்தால் வாயில் வைத்துக் கடிக்கிறான். என் மகள் விஜிலா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பிள்ளை தவறியதைப் போனில் சொன்ன உங்கள் அத்தை, மிச்சத்தைச் சொல்லாமல் வைத்துவிட்டாள். எனக்கும் நா எழவில்லை. அதனால்தான் நீங்கள் இருக்கும் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிவரும் தோணியில் வேலை செய்யும் ஃபிராங்க்ளின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஷாம் தலை திரும்பாமல் கால் கீழாகக் கிடந்ததால் ஆபரேஷன் செய்துதானே எடுத்தார்கள். அந்தத் தையல் மேலேயே இந்தப் பிள்ளையின் நஞ்சுக்கொடி ஒட்டி, உள்ளே வேரோடிவிட்டதாம். எட்டாம் மாதத்திலேயே ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. அவளைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்டவன் நான். யாருடைய தப்பும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். என் மனம்தான் கேட்கவில்லை.

பெண் பிள்ளை. உங்கள் நெற்றி. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் ஜெயசெல்வி வெளியே ஓடிவந்தாள். நாசரேத்துப் பெண், நம் வழக்கம் தெரிந்தவள். "அண்ணாச்சி, பிள்ளை நிக்காது. ஞானஸ்நானத் தண்ணி ஊத்தணும்னா இப்பமே பேரச் சொல்லுங்க" என்றாள். நீங்கள் இருவரும் பெயரை முடிவுசெய்து, கோவிலில்தான் சொல்வோம் என்று எங்களிடம் மறைத்து வைத்திருந்தீர்களே. மயக்கத்தில் கிடந்த மகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவன் வாயில் வேறு பெயரே வரவில்லை. விஜிலா என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெயரில்தான் அடக்கம் செய்தோம். சிலுவையில் பெயர் எழுத வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். என் மகள் எழுந்து நடந்து கல்லறைக்குப் போகும் நாளில் தன் பெயரையே அங்கே பார்க்க வேண்டாம். என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. நீங்கள் நினைத்திருந்த பெயரை அவளும் சொல்லவில்லை.

நீங்கள் கூப்பிட்டால் அவள் போனை எடுக்காதது கோபத்தால் அல்ல, பயம். "இனி புள்ள இல்லன்னு தெரிஞ்சா அவுங்க என்ன சொல்லுவாங்களோ" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறாள்.

ஃபிராங்க்ளின் வரும் தோணியிலேயே திரும்பிவிடுங்கள். உங்கள் தோணியை நடத்தும் தண்டலிடம் நான் பேசிக்கொள்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அதை வைக்க இனி வேறு பிள்ளை வராது. போன பிள்ளைக்கே கொடுத்துவிடுவோம், மாப்பிள்ளை.

மாதா உங்களைக் கரைசேர்க்கட்டும்.

மாமா
மனுவேல்