சாக்குக்குக் கழித்த கிலோ

மச்சான்,

இன்றைக்குக் காலை பண்டாரவளை கிளினிக்கில் தராசில் ஏறி நின்றேன். எழுபத்திரண்டு கிலோ. கல்யாணம் கட்டின வருசமும் இதே நிறைதான் என்று பெருமையடித்தேன். நர்ஸ் மிஸ் டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றினார். "நிறை அதேதான் ஐயா. ஆனா தோள்லயும் தொடையிலயும் இருந்த தசை கரைஞ்சு போயி, வயித்துல கொழுப்பு ஏறியிருக்கு. பருப்பு, நெத்தலி சாப்பிட்டு, பாரம் தூக்கிப் பழகுங்க" என்றார். உடனே உன் குரல்தான் கேட்டது.

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் நாம் கொழுந்து மூட்டை லொறிக்கு ஏற்றின காலத்தில், நிறுத்த கொழுந்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கப்பிள்ளை சில கிலோ கழிப்பாரே. பிறகு நான் த்ரீவீலர் ஓட்டப் போய், உட்கார்ந்த இடத்திலேயே தொந்தி வளர்த்தேன். நீ காணும்போதெல்லாம் அதைத் தட்டி, "சாக்குக்கு எத்தனை கிலோடா கழிக்க?" என்பாய். ஒட்டின வயிற்றோடு நிற்கும் உன்னை நானும் விடமாட்டேன். "போடா, உன்கிட்ட சாக்கு மட்டும்தான் இருக்கு."

அந்தப் பகிடி பலிக்கும் என்று யார் கண்டது? வேலையை விட்டு நின்றதும் நீ லயத்து வீட்டு வாசலிலேயே குந்திவிட்டாய். மூன்று வேளையும் ரொட்டியும் பிளேன்டீயும். "வயிறே இல்லாத மனுசன், என்ன உடம்பு!" என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும்தான். ஒருநாள் கக்கூசில் குந்தி எழும்ப முடியாமல் மகளைக் கூப்பிட்டாய். அன்றைக்கு என்னிடம் அழுதாய்: "நோவு இல்லடா. என் வேலைய நானே செய்ய முடியல. அதுதான்." அப்போதும் உன் தசை கரைவது எனக்கு உறைக்கவில்லை. பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன், மடையன். அடுத்த மழைக்குக் காய்ச்சல் வந்தது. நீ எழும்பவே இல்லை.

உன் சவப்பெட்டியைத் தூக்க, முன்னால் நான்தான் நிற்பேன் என்று எல்லாரையும் தள்ளினேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் தாண்டி, மயானத்துக்கு ஏறும் வளைவு வரைதான். மூச்சு முட்டியது. "மாமா, விடுங்க, நான் புடிக்கிறேன்" என்று உன் மருமகன் தோள் கொடுத்தான். நீயோ ஒரு கொழுந்து மூட்டை நிறைகூட இருக்கமாட்டாய். அந்த உன்னைத் தூக்க முடியாமல் பாறையில் குந்திக்கொண்டு, நீ மேலே போவதைப் பார்த்தேன். இன்றுவரை எனக்கு என்மேல்தான் எரிச்சல்.

இன்றைக்குப் பின்னேரம் பழைய சாக்கில் மண் நிரப்பினேன். உன்னைத் தூக்கின அன்றைக்கு என் தோளில் இருந்த பாரம் அளவுக்கு, குத்துமதிப்பாக. "அப்பா, முதல்ல குனிஞ்சு சப்பாத்துக் கயித்தைக் கட்டுங்க பாப்போம்" என்று மகள் சிரித்தாள். கட்ட முடியவில்லை. வெறுங்காலோடு போனேன்.

வளைவு வரை போகவில்லை, மச்சான். பெரட்டுக்களத்திலேயே இறக்கிவிட்டேன். "கொஞ்சம் மண்ணைக் குறைச்சுக்கிட்டா என்ன?" என்கிறாள் வீட்டுக்காரி.

நாளைக்கும் அதே சாக்குதான். ஒரு பிடிகூடக் கழிக்க மாட்டேன்.