சீர்த்தட்டுக்கு எத்தனை வரி?

லிட்டில் இந்தியா
சிங்கப்பூர், 10 பிப்ரவரி 2025

தம்பி ஜோனாவுக்கு,

நலம். உங்கள் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல்.

எங்கள் இணையக் கடைக்காக நீங்கள் எழுதிய விளம்பரத்தை என் மகள் திவ்யதர்ஷினி அச்செடுத்துக் கொடுத்தாள். ஒன்பது பக்கம்! நான் கேட்டது சீர்வரிசைத் தட்டு அலங்காரத்துக்கு ஒரு விளம்பரம். நீங்கள் அனுப்பியிருப்பது கிட்டத்தட்ட கல்யாணமே. பெண் வீட்டில் கோலம் போடுவதில் தொடங்கி, பந்தி முடிந்து, ஐந்தாம் பக்கத்தில்தான் தட்டு வருகிறது. விலையைத் தேடித் தேடிக் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தேன்.

தம்பி, சிராங்கூன் சாலையில் இத்தனை வருஷம் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பையோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு இதைப் படிக்க நேரம் ஏது? நான் எழுதியிருப்பது இது: "சீர்த்தட்டு அலங்காரம். இருபத்தொரு தட்டு. ஒரே விலை. இன்றே அழையுங்கள்." இதைப் போடுங்கள், போதும்.

பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். அங்கே நான் இரண்டு பத்தி எழுதினால் நீங்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். மின்னஞ்சல்தான் என்றாலும் தேதி, கையெழுத்தோடு கடிதமாக வரட்டும்.

ஒரு விஷயம். திவ்யாவுக்கு ஒன்பது பக்கமும் பிடித்திருக்கிறதாம். என் கடையில் எதையும் அவள் பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அன்புடன்,
சேதுபதி
உரிமையாளர்


ஃபேரர் பார்க்
12 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சேதுபதி ஐயா,

திட்டு கிடைத்தது. நன்றி.

நீங்கள் சொல்வது முறுக்குக்குச் சரி. முறுக்கு வாங்க யாரும் யோசிப்பதில்லை. சீர்த்தட்டு அப்படியா? வாழ்க்கையில் ஒரு முறை வாங்குகிறார்கள், பெரிய தொகை தருகிறார்கள், உங்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. வாடாத பூவா, தேங்காய் யார் வாங்குவது, மழை பெய்தால் எப்படி வரும் என்று மனதில் ஆயிரம் கேள்வி. ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

இருந்தாலும் முதலாளி சொல்லைத் தட்டவில்லை. முதலில் ஒரு மாதம் உங்கள் நான்கு வரி. அடுத்து என் ஒன்பது பக்கம். எது ஜெயிக்கிறதோ அதை வைத்துக்கொள்வோம்.

திவ்யாவுக்கு எந்தப் பக்கம் ரொம்பப் பிடித்ததாம்? தொழிலுக்காகத்தான் கேட்கிறேன்.

பணிவுடன்,
ஜோனா


லிட்டில் இந்தியா
17 மார்ச் 2025

தம்பி ஜோனாவுக்கு,

என் நான்கு வரிக்கு ஆர்டர் கொட்டியது. நான்தான் ஜெயித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் பொங்கோல் வட்டாரத்து வாடிக்கையாளர் மாசிலாமணி வந்து சேர்ந்தார்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஆற்றாமை, எழுதுகிறேன். அவர் மகள் நிச்சயதார்த்தம் முடிந்ததும் என் பித்தளைத் தட்டுகளை வந்த சொந்தக்காரர்களுக்கே தாம்பூலத்தோடு கொடுத்தனுப்பிவிட்டார். வாடகைத் தட்டு ஐயா என்றால், "திருப்பித் தரணும்னு விளம்பரத்துல எங்க போட்டிருக்கீங்க? காட்டுங்க லா!" என்கிறார். எங்கே காட்ட? போடவில்லையே.

ஒரு நாள் முழுக்க வேனில் ஈசூன், ஜூரோங், தெம்பனிஸ் என்று வீடு வீடாகப் போய்த் தட்டைத் திருப்பிக் கேட்ட மானக்கேட்டை என்னவென்று சொல்ல. ஒரு வீட்டில் அம்மா அதில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு எல்லை தாண்டி ஜோகூருக்கே போய்விட்டது.

நீங்களும் கூட வந்தது பேருதவி. ஆனால் நான் அழாத குறையாக ஓட்டிக்கொண்டிருக்க, பின்னால் உட்கார்ந்து நீங்களும் திவ்யாவும் எதற்கு அப்படிச் சிரித்தீர்கள் என்றுதான் புரியவில்லை.

உங்கள் ஒன்பது பக்கத்தைப் போடுங்கள்.

சேதுபதி


ஃபேரர் பார்க்
21 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

என் தோல்வியையும் எழுதிவிடுகிறேன், கணக்கு நேராகட்டும்.

ஒன்பது பக்கத்தையும் நிறையப் பேர் படித்தார்கள். பலர் கண்ணீர்விட்டார்கள். கவிப்ரியா என்ற அம்மா போன் செய்து, தன் மகள் புகுந்த வீடு போவதை நினைத்து அழுதுவிட்டதாகச் சொன்னார். கல்யாணம் எப்போது என்று கேட்டேன். மகள் தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்பில் படிக்கிறாளாம். ஆர்டர் மட்டும் வரவில்லை.

திவ்யாதான் வழி சொன்னார். விலையும் "தட்டு வாடகைக்கு" என்பதும் முதல் வரியிலேயே வரட்டும். அவசரக்காரர் அங்கேயே அழைக்கலாம். சந்தேகக்காரருக்குக் கீழே எல்லாப் பதிலும் இருக்கட்டும், கோலமும் பந்தியும் இல்லாமல். ஏற்கெனவே நம்மிடம் வாங்கியவர்களுக்கு உங்கள் நான்கு வரியையே அனுப்புவோம். அவர்களுக்கு நம்மைத் தெரியும். தெரிந்தவருக்குச் சுருக்கம், தெரியாதவருக்கு விவரம். சரிதானே ஐயா?

பணிவுடன்,
ஜோனா


லிட்டில் இந்தியா
30 ஜூன் 2025

தம்பி ஜோனாவுக்கு,

புதுப் பக்கம் பிரமாதம். ஆவணி முகூர்த்தங்களுக்கு இப்போதே இடமில்லை. தட்டுகளும் ஒழுங்காக வீடு திரும்புகின்றன.

இன்னொரு வேலை இருக்கிறது. திவ்யாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். கல்யாணத் தகவல் இணையத்தளத்தில் போட அவளைப் பற்றி எழுதித் தர வேண்டும். என் மனைவி அன்னம்மா எழுதியதைப் படித்தால் ரேஷன் அட்டை மாதிரி இருக்கிறது. நீங்கள் எழுதினால் நாலு நல்ல இடம் வரும். நீளமோ சுருக்கமோ, உங்கள் விருப்பம்.

அன்புடன்,
சேதுபதி


ஃபேரர் பார்க்
2 ஜூலை 2025

ஐயா,

இதை மட்டும் என்னால் எழுத முடியாது. நாலு நல்ல இடம் வருவதில் எனக்குச் சம்மதமில்லை. திவ்யாவை எனக்குக் கல்யாணம் செய்து தருவீர்களா? அவருக்கும் இதே எண்ணம்தான்.

ஜோனா


லிட்டில் இந்தியா
9 ஜூலை 2025

ஜோனாவுக்கு,

என் தட்டுக்கு ஒன்பது பக்கம். என் மகளுக்கு நான்கு வரியா?

தெரிந்தவருக்குச் சுருக்கம், தெரியாதவருக்கு விவரம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். விளம்பரம் எழுதும் ஜோனாவை எனக்குத் தெரியும். என் வீட்டு மாப்பிள்ளையாக வரக் கேட்கிற ஜோனாவை எனக்குத் தெரியாது. கோயிலா சர்ச்சா? உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? பிறக்கப்போகும் பிள்ளைகள் எந்தப் பக்கம்? எங்கே குடியிருப்பீர்கள்? எதுவுமே இல்லை.

கோபத்தில்தான் எழுதுகிறேன். மறைக்கவில்லை.

சேதுபதி


ஃபேரர் பார்க்
19 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ஐயா,

கோபம் நியாயம். விவரமாக எழுதுகிறேன். கசப்பானதை முதலில் வைக்கிறேன்.

திவ்யா மதம் மாற மாட்டார். நானும் மாற மாட்டேன். சர்ச்சில் ஆயரின் அனுமதி வாங்கித் திருமணம், கோயிலில் தாலி, இரண்டும் வேண்டும் என்று பேசியிருக்கிறோம். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று பங்குச் சாமியார் என்னிடம் வாக்குக் கேட்பார். அதை திவ்யாவிடம் சொல்லிவிட்டேன். "என்னால ஆனத நானும் செய்வேன்லா" என்றார். அதற்கு மேல் எங்களுக்கும் விடை தெரியாது.

என் அப்பா சவரிராஜ், "பொண்ணு நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அம்மா பிரிஜட் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியாரிடம் என்னைத் தேடித் தரச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றினார். பிறகு திவ்யா வீட்டுக்கு வந்து, அம்மாவின் மீன்குழம்பில் புளி குறைவு என்று முகத்துக்கு நேரே சொன்னார். அம்மாவிடம் அப்படிச் சொல்லி யாரும் தப்பியதில்லை. மறுநாள், "அந்தப் பொண்ணு மறுபடி எப்ப வருது?" என்று கேட்கிறார்.

வீடு. இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. இரண்டு பேரும் சேர்ந்து அரசாங்க வீடமைப்புக் கழகமான வீவகவின் புது வீட்டுக்கு விண்ணப்பித்தோம். குலுக்கலில் கிடைக்கவில்லை. உங்களைக் கேட்பதற்கு முன்னால் வீவகவைக் கேட்டது தப்புதான். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஐயா, வரிசை நீளம் என்று முதலில் போய் நின்றுவிட்டோம்.

உங்கள் உறவினர் சிலர் கல்யாணத்துக்கு வராமல் போகலாம். அந்த வலியை நான் ஈடுசெய்ய முடியாது. திவ்யா இல்லாமல் எனக்கு எதுவும் ருசிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பணிவுடன்,
ஜோனா


ஃபேரர் பார்க்
8 ஆகஸ்ட் 2025

ஐயா,

என் கடிதம் கிடைத்ததா? தட்டு விஷயமாகப் போன் செய்தால் அன்றே பதில் வருகிறது. இதற்கு மட்டும் இல்லை. "ஆடி மாசம்லா, அப்பா நல்ல விஷயத்துக்கு வாயே திறக்க மாட்டார்" என்கிறார் திவ்யா. கெட்ட விஷயம் என்றால் திறந்திருப்பீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். சரியாகத் தூங்கி நாளாயிற்று.

ஜோனா


லிட்டில் இந்தியா
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜோனா,

நேற்று ஆவணி பிறந்தது. எழுதுகிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். ஆடி ஒரு சாக்கு. மாதம் முழுக்க உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். சம்பிரதாயம், அண்ணன் என்ன சொல்வார், பேரப்பிள்ளைக்கு யார் மொட்டை போடுவது, எல்லாம் எழுதினேன். ஒரு காரணம் எழுதி முடித்தால் போதவில்லை என்று இன்னொன்று. பக்கம் பக்கமாகப் போனது.

அன்னம்மா அதை எடுத்துப் படித்தாள். "வேணாம்னு சொல்ல எதுக்குங்க இவ்ளோ? ஒரு வரி போதாதா? இது அந்தப் பையனுக்கு எழுதுன மாதிரி இல்ல. உங்களையே நீங்க நம்ப வைக்கப் பாக்கறீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு வரியைத் தனியாக எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் உறுத்துகிறது. அதை நீங்கள் மறைத்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வரும் ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். மதியச் சாப்பாடு இங்கேதான். திவ்யாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நான் அழுதுவிடுவேன்.

அன்புடன்,
மாமா