அத்தை கழுத்து ஆனைக்காசு

சகலை, நேற்றிரவு நம் கடலைக்காட்டில் காட்டுப்பன்னி இறங்கிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் வரப்போரம் முழுக்க ஏர் ஓட்டியதுபோல் கிளறிப் போட்டிருக்கிறது. காய் பிடிக்கிற நேரத்தில் செடியெல்லாம் மல்லாந்து கிடக்கிறது. அந்த நாசத்தின் நடுவில் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பன்னியைப் பார்த்தால் என் சகலை ஞாபகம் வருகிறது என்று நான் வெளியே சொன்னால் ஊர் வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ளும். ஊருக்குத் தெரியாதே, அது எந்தப் பன்னி என்று.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் ஆட்கள் உங்களைத் தேடிக் கோவிந்தாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள். பழைய காசு பார்க்கிறவர் வீடு எது என்று டீக்கடையில் கேட்டால், கடைக்காரர் என் வீட்டைக் கைகாட்டி விடுகிறார். அக்காவைக் கட்டியவருக்குத் தெரிந்தது தங்கச்சியைக் கட்டியவனுக்கும் தெரிந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நானும் உங்கள் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். விக்டோரியா ராணிக்கும் எட்வர்டு ராஜாவுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவேன், ஒருத்தருக்குத் தாடி இருப்பதால். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் உங்களைப்போல 'ம்ம்' என்று இழுக்கப் பழகிவிட்டேன். பாதிப்பேர் அதிலேயே பயந்துபோய்க் காசைத் திரும்ப மடியில் கட்டிக்கொள்கிறார்கள்.

மற்ற விஷயங்களில் நீங்கள் அரிச்சந்திரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோயம்புத்தூரில் பழைய காசுக் கண்காட்சி நடந்தால் அக்காவிடம் பேரூர் கோயிலுக்குப் போகிறேன் என்பீர்கள். கிருஷிபவன் விவசாய ஆபீசில் தென்னங்கன்றுக்கு மனுக் கொடுக்கும்போது உங்கள் தோப்பு ஒரு பக்கம் விரிந்துகொண்டே போகும். ஆனால் காசைக் கையில் எடுத்தால் மட்டும் உங்கள் வாயில் பொய் வராது. ஒரு விஷுவுக்குக் கனி வைக்க வேண்டும் என்று அக்கா உங்கள் பெட்டியிலிருந்த செப்புக்காசு அத்தனையையும் புளி போட்டுத் தேய்த்து, உருளியில் தகதகவென்று பரப்பி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? கண்ணைப் பொத்தி உங்களைக் கூட்டிவந்து கண்ணைத் திறந்துவிட்டு, "எப்படிங்க இருக்குது?" என்று ஆசையாகக் கேட்டார்கள். "நூறு வருசத்துக் கருப்ப ஒரே நாள்ல தொலச்சுப் போட்டே. இனி இது காசில்ல, பித்தாள ஆணி" என்றீர்கள். அந்த நிஜத்துக்காக ஒரு வாரம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டீர்கள்.

மாட்டுப்பட்டிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவர் சொல்லியனுப்பி, உடுமலையிலிருந்து மறையூர் வழியாக நாம் பஸ் பிடித்துப் போனதையும் நான் மறக்கவில்லை. வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனிக் காசுகளின் வரலாறு சொல்லிக்கொண்டு வந்தீர்கள். இரண்டில் எது என்னை அதிகம் படுத்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எஸ்டேட் லைன் வீட்டில் அந்த மனிதர் பட்டுத்துணியைப் பிரித்து ஒரு செப்புக்காசை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்று இங்கிலீஷ் எழுத்து, மறுபக்கம் ராமர், சீதை, அனுமார்.

"அண்ணாச்சி, நாங்க வேதக்காரவுக. இதுல ராமர் இருக்காரு. வீட்ல வச்சிருக்கது தெரிஞ்சா பாஸ்டர் ஏசுவாரு. கோடிக்குப் போகும்னு சொல்லுதாக. வித்துட்டு மக கல்யாணத்த முடிச்சிரலாம்னு பாக்கேன்" என்றார்.

நீங்கள் அதை வாசற்கல்லில் ஒருமுறை தட்டிச் சத்தம் கேட்டீர்கள். அவ்வளவுதான். "கம்பெனிக்காரன் நம்மகிட்ட வரி வாங்க வந்தானுங்க. ராமருக்குக் காசடிக்க வரலீங்க. இது ஏதோ தேர்க்கடையில வித்த வில்லைங்க. சாமி நெசம், காசு நெசமில்லீங்க" என்றீர்கள். அந்த வீட்டு அம்மா டீத்தம்ளர்களோடு நடை வரைக்கும் வந்தவர், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே திரும்பிவிட்டார். மூணாறு வரைக்கும் டீயே இல்லாமல் இறங்கினோம், அதுவும் தேயிலைக்காட்டுக்குள்ளேயே. கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னால்தான் என்ன என்று நான் எரிந்து விழுந்தேன். "பூசுனா அது வேற காசாயிருமுங்க சகலை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலோரம் தூங்கிவிட்டீர்கள்.

அப்படிப்பட்ட உங்களுக்கும் ஒரே ஒரு காசின்மேல் தீராத ஆசை இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்து முதன்முதலாக, 1911-இல் அடித்த வெள்ளி ரூபாய். ராஜா போட்டிருக்கும் அங்கியில், நெஞ்சுப் பக்கம், ஒரு குட்டி யானை உண்டு. அச்சு வெட்டியவன் யானையைக் கண்டானோ இல்லையோ, தும்பிக்கையைக் குட்டையாக வெட்டிவிட்டான். வெளியே வந்த காசைப் பார்த்த ஜனங்கள், இது யானை இல்லை, பன்னி என்று கொதித்துப்போய்விட்டார்கள். சர்க்கார் பயந்து, வெளியே போகாத காசையெல்லாம் உருக்கிவிட்டு, அடுத்த வருஷம் தும்பிக்கையை நீட்டி வேறு காசு அடித்தது. உருக்காமல் தப்பிய பன்னி ரூபாயில் ஒன்று உங்களுக்கு வேண்டும். கடையில் கிடைக்கும்தான். வாங்க மாட்டீர்கள். "கடையில வாங்குனா சாமானுங்க. தானா வந்து மாட்டுனாத்தான் காசு" என்பது உங்கள் கட்சி.

அந்தக் காசு நம் மாமியார் கழுத்தில் தொங்குகிறது என்று நீங்கள் எப்போது சந்தேகப்பட ஆரம்பித்தீர்களோ, அன்று பிடித்தது உங்களுக்குச் சனி. மாமா கல்யாணத்தன்று வளையம் வைத்துக் கருப்புக் கயிற்றில் கோத்து அத்தைக்குப் போட்ட ரூபாய் அது. ராஜா நெஞ்சில் ஆனை இருக்கிறது, பிள்ளையாரே கூட வருகிற மாதிரி என்று சொல்லிப் போட்டாராம். மாமா காலமாகித் தாலி இறங்கின பிறகு அத்தை கழுத்தில் மிஞ்சியது அந்தக் கயிறு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ஆனைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ராஜா முகம் பளிச்சென்று தெரியும், நெஞ்சு மட்டும் செக்கச் செவேல் என்றிருக்கும்.

கேட்டுவிடலாம் என்றால் கேட்கிற இடமா அது? மாமியார் வந்தால் மருமகன் எழுந்து நிற்க வேண்டும், முகம் பார்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இதில் கழுத்தை உற்றுப் பார்ப்பது எப்படி? கடைசியில் நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். விருந்தன்று பந்தியில் அத்தை பரிமாறக் குனியும்போது காசு முன்னால் வந்து தொங்கும் அல்லவா? அந்த ஒரு நொடியில் பார்த்துவிடலாம். அதற்காகச் சோறு கேட்டீர்கள். ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு, பிறகு சும்மாவே சோறு. நீங்கள் கழுத்தை நீட்டுவதைப் பார்த்து அத்தை, "பெரிய மாப்ளைக்கு இன்னும் வேணுமாட்ட இருக்குது" என்று மகளிடம் சொல்லிக்கொண்டு மேலும் குவிப்பார்கள். காசு ஆடும், வெளிச்சம் படாது, குங்குமம் மறைக்கும். ஒவ்வொரு விஷுவுக்கும் ஓணத்துக்கும் ஆடிக்கும் நீங்கள் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு என் வண்டியின் பின்னால் ஏறுவீர்கள். வண்டி கோணிக்கொண்டு போகும். ஒருமுறை காசு தானாகப் புரண்டு முதுகைக் காட்டியது. அன்று இலையை மடிக்கக்கூட மறந்து எழுந்து வந்து என் காதில், "வருசத்துல கடைசி நம்பரு தேஞ்சு போச்சுங்க சகலை, மத்ததெல்லாம் சரியா இருக்குது. இனி ஆனையா பன்னியான்னு பாத்தாத்தான் உண்டு" என்றீர்கள். சாம்பார் வாசத்தோடு.

அப்புறம்தான் அந்தக் கொல்லங்கோட்டு நகை ஆசாரி குறுக்கே வந்தார். வளையம் தேய்ந்துவிட்டது என்று அத்தை பற்றவைக்கக் கொடுத்தபோது, அவர் குங்குமத்தைத் துடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மே, இது ஆனயல்லா, பன்னியாணு" என்று கடையில் நான்கு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். அத்தை காசை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கயிற்றில் கோக்கவில்லை. நம் இருவரையும் வரச் சொன்னார்கள்.

அன்று நடந்ததை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அக்காவும் என் மனைவியும் கதவோரம் நின்றார்கள். அத்தை காசை ஒரு வெற்றிலையில் வைத்து உங்கள் முன்னால் நகர்த்தினார்கள். வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"இத்தன வருசமா எட்டி எட்டிப் பாத்தீங்களே மாப்ளைங்க, இன்னைக்கு நல்லாப் பாருங்க. ஆனைன்னாக் கோத்துக்கறேன். பன்னின்னா எனக்கு வேண்டாமுங்க, நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

ஒரே ஒரு சொல், அதுவும் நிஜமான சொல். சொன்னால் நீங்கள் ஆயுசு முழுக்கத் தேடியது உங்கள் பையில். நீங்கள் காசை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனீர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தீர்கள், திருப்பிப் பார்த்தீர்கள், மறுபடி பார்த்தீர்கள். திரும்பி வந்து அதை வெற்றிலையிலேயே வைத்தீர்கள்.

"ஆனைங்க அத்தை. ஆசாரிக்குக் கண்ணாடி மாத்தோணும்" என்றீர்கள்.

திரும்பி வரும் வழியில் நான் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். கோபம் எனக்குத்தான். இவ்வளவு சோறு சுமந்தது என் வண்டி அல்லவா? "நெசமாலுமே ஆனையாங்க?" என்று கேட்டேன். "சுத்தமான பன்னிங்க சகலை. இத்தன அழகான பன்னிய நான் பொஸ்தகத்துலகூடப் பாத்ததில்ல" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் முகம் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தது. "பின்னே எதுக்குங்க" என்று நான் கத்தினேன். "காசப் பாத்துட்டு நிமுந்து அத்தையப் பாத்தேனுங்க. கயிறு கெடந்த எடம் மட்டும் வெளுத்துக் கெடந்துச்சு. அப்பறம் என்னத்தச் சொல்றது. வண்டிய எடுங்க, பசிக்குது" என்றீர்கள். பசிக்குதாம்.

அதன் பிறகு எந்த விருந்திலும் நீங்கள் இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. உடம்பு இளைத்ததை எல்லோரும் வயசு என்றார்கள். நெஞ்சுவலி வந்து நீங்கள் போனது ஒரே நாளில்தான். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், மத்தியானம் தனியாகத் திரும்பி வந்தோம். எனக்கு அழக்கூடத் தெரியவில்லை சகலை. உங்கள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை எங்கள் வீட்டில் இருந்தார்கள். எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் தீரவில்லை. சாகும்வரை ஆசைப்பட்டது உங்கள் பெட்டியிலாவது இருக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டு, எழுந்து நின்று, சுவரைப் பார்த்தபடி பேச்சை எடுத்தேன்.

"அத்தை, அது ஆனையில்லீங்க. சகலை அன்னைக்குப் பொய் சொல்லிட்டாருங்க."

"தெரியுமுங்க" என்றார்கள். "கண்ணாலத்தன்னைக்கே தெரியுமுங்க. எங்கப்பன் காட்டுல பன்னி ஓட்டி வளந்தவ நானு. உங்க மாமா ஆசையா ஆனைன்னு குடுத்தாரு, செரீன்னு போட்டுக்கிட்டேன்."

நான் முதல்முறையாக அவர்கள் முகத்தை நேராகப் பார்த்தேன். "அப்பறம் எதுக்குங்க ஆசாரி சொன்னான்னு கோக்காம வெச்சீங்க?"

"பெரிய மாப்ளைக்கு அதும்மேல ஆசைன்னு தெரிஞ்சுதுங்க. அவுங்களுக்குக் கேக்க வெக்கம், எனக்குக் குடுக்க வெக்கம். ஆசாரி சொன்னது நல்ல சாக்காப் போச்சு. காசு விசயத்துல பொய் சொல்ல மாட்டாங்க, பன்னீன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன்." கழுத்தில் கிடந்த காசைத் தடவிக்கொண்டார்கள். "அவுங்க ஆனைன்னுட்டாங்க. இனிக் கழட்டறதுக்கில்லீங்க மாப்ளை. மின்ன போட்டிருந்தது உங்க மாமா குடுத்த ஆனை. இப்பப் போட்டிருக்கறது பெரிய மாப்ளை குடுத்த ஆனைங்க."

அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

இப்போது யாராவது காசைக் கொண்டுவந்து நீட்டினால், நான் முதலில் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கிறேன். காசை அப்புறம்தான் பார்க்கிறேன். காசு பார்க்கிறவனுக்கு இது ஆகாத பழக்கம் என்று நீங்கள் ஏசுவீர்கள். ஏசுங்கள். உங்களிடமிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது.