செருப்பு நுழையாத ஊர்

ஜூன் 9, திங்கள். மதுரை.
வெயில். கோடைக்கானலிலிருந்து போட்டுவந்த கம்பளிக் கோட்டு லாட்ஜ் ஆணியில், அபத்தமாக.

தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். ஐந்து பேர். ஓய்வுபெற்ற தாசில்தார் (அவரே தலைவர்), ஜவுளிக்கடை ராவுத்தர், வாய் திறக்காத மிராசுதார் இருவர், பள்ளிக்கூட வாத்தியார் நான்.

குற்றவாளிக் கூண்டில் சின்னாண்டி, கோடைக்குக் கீழே மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி ஊர்க்காரன். சாராயச் சோதனைக்குப் போன ஏட்டை வீட்டு வாசலில் கட்டையால் அடித்துக் கையை முறித்தானாம். அவன் சொல்வது: "நான் தொடலீங்க. இறக்கத்துல வழுக்கி விழுந்தாரு."

ஜட்ஜ் எங்களிடம்: வழக்கு சம்பந்தமாக நேரில் தெரிந்தது எதுவானாலும் ஜூரர் தம்மிடம் சொல்லிவிட வேண்டும். சாட்சியாகக் கூண்டேற்றி விசாரிப்பார்கள்.

ஜூன் 10, செவ்வாய்.
கோர்ட் மேஜைமேல், சாட்சியப் பொருளாக, ஒரு ஜோடி தோல் செருப்பு.

ஏட்டு: "அடிச்சிட்டு ஓடுறப்ப விட்டுட்டுப் போனான். அவன் வாசல்லயே கெடந்துச்சு, எசமான்."

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். ஒருமுறை பள்ளிக்கூடப் பையன்களோடு அங்கே நடந்து போனபோது, மறந்து இரண்டு அடி வைத்துவிட்டேன். ஒரு பெண் கத்தினாள்: "ஏலே வாத்தியாரே, கால்ல என்ன அது!"

சின்னாண்டியின் வக்கீல் மதுரைக்காரர். அந்த ஊர் வாசலில் செருப்பு எப்படி வந்தது என்று கேட்கவில்லை. சின்னாண்டியும் சொல்லவில்லை. அவனுக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமே இல்லை போலும்.

ஜட்ஜிடம் சொல்ல நானும் எழுந்திருக்கவில்லை.

டீக்கடையில் வெள்ளைச் சட்டைக்காரன். போலீஸ் மீசை. "சாரு கோடைதானே? ஏரிக்கு மேல, சர்ச்சுக்குப் பின்னால வீடு." கேள்வியில்லை. சொன்னான். டீக்குக் காசும் அவனே கொடுத்துவிட்டான். ஏன்?

ஜூன் 11, புதன்.
ஜட்ஜின் தொகுப்புரை. குற்றம் நிரூபணம் என்ற தோரணை.

ஜூரி அறை. மின்விசிறி ஓடவில்லை.
தாசில்தார்: "வெரசா முடிப்போம். எனக்கு நாலு மணிக்கு பஸ்."
ஒரு மிராசுதார்: "ஏட்டு பொய் சொல்லுவாரா?"
ராவுத்தர்: "எங் கடையச் சோதனை போட வந்த ஆளு ரெண்டு வேட்டியோட போனாருங்க. வரும்போது ஒண்ணுதான் கட்டியிருந்தாரு."

சிரிப்பு அடங்கியதும் செருப்பைப் பற்றிச் சொன்னேன். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார்.
"இத ஜட்ஜுகிட்ட ஏன் சொல்லலே?"
கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.
"பயமா தம்பி?"
"ஆமாங்க."

மூன்றுக்கு இரண்டு. குற்றவாளி இல்லை. தாசில்தார் எதிர்ப்பக்கம்.

ஜட்ஜ் எங்கள் முடிவைக் கேட்டார். இந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. ஹைகோர்ட் முடிவுக்கு அனுப்புகிறேன் என்றார். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதாம். அப்படியானால் ஐந்து நாற்காலி எதற்கு? அலங்காரமா?

சின்னாண்டி வக்கீலிடம்: "விட்டுட்டாகன்னீகளே, பெறகு ஏன் வெலங்கு?"

மேலே ஹைகோர்ட்டுக்குப் போவது கோர்ட்டில் பேசியது மட்டும். ஜூரி அறையில் பேசியது போகாது. செருப்பு போகும். அந்த ஊர் வழக்கம் போகாது.

ஜூன் 12, வியாழன்.
வெள்ளனே, ஐந்து மணிக்கு, கோடை பஸ். ஏறவில்லை.

சின்னாண்டியின் வக்கீலிடம் செருப்பு விஷயத்தைச் சொல்ல, அவர் வீட்டு விலாசம் ராவுத்தர் கொடுத்தார். "சொல்லிட்டு ஊருல இருந்துக்குவீங்களா?" தெரியாது என்றேன்.

வக்கீல் வீட்டெதிரில், சைக்கிளில் சாய்ந்து, அதே வெள்ளைச் சட்டை.
"சாரு ஊருக்குக் கெளம்பலையா?"
"இங்க ஒரு சோலி இருக்கு."
"என்ன சோலிங்க?"

அவன் பார்க்கும்படியே கதவைத் தட்டினேன்.