விலைபோகாத வெள்ளைக் கார்

சிலமலை

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

உங்கள் காளீஸ்வரி எழுதிக்கொண்டது. இங்கே நான், மகள் தமிழினி, உங்கள் அய்யா மூவரும் சுகம். வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. மஸ்கட் வெயிலில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டுமென்று பரமசிவன் மலையில் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் வண்டி என்று நான் வாயைத் திறந்தாலே "வித்துரு" என்கிறீர்கள். நீங்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டால் என் பக்கத்தை நான் எங்கே போய்ச் சொல்வது? உங்களோடு ஒரே ரூமில் இருக்கும் சோணை அண்ணன் லீவு முடிந்து திரும்புகிறார். அவர் கையில் நம் தோட்டத்து ஏலக்காயையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன். கடிதத்தைக் குறுக்கே மறித்துப் பேச முடியாது பாருங்கள்.

நீங்களும் புரோக்கர் பிரபு தம்பியும் பேசி அனுப்பிய சின்னமனூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். மலையேற்றிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் தோட்டத்தில் காயெடுக்கும் பெரியம்மாள் அக்கா, போடிமெட்டு வரைக்கும் தானும் வருவதாகச் சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. வண்டிக்கு இப்போது கைபிரேக் பிடிப்பதில்லை. வளைவில் கொதித்து நின்றுவிட்டால், பின்சீட்டில் இருப்பவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். அது பெரியம்மாள் அக்காவின் சோலி. அந்தக் கல்லை வேறு யாரையும் தொட விடமாட்டார். அன்றைக்கு மட்டும் கல்லைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, வந்தவர் கண்ணில் காட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் நாமாகச் சொல்வானேன் என்ற எண்ணம்தான்.

வண்டிக்கு அன்று என்ன வந்ததோ தெரியவில்லை. முந்தல் தாண்டி மலையேறியும் கொதிக்கவில்லை, திணறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வந்து நிற்கும் பெண்ணைப் போல அடக்கமாகப் போனது. நான்காவது வளைவில் சின்னமனூர்க்காரருக்குப் போன் வந்தது. ஓரங்கட்டி நிறுத்தினார். சக்கரம் நிற்பதற்குள் பின்கதவு திறந்தது. அக்கா கல்லோடு குதித்து, டயருக்கு அண்டக்கொடுத்துவிட்டு, "வச்சாச்சு, கால எடுங்க" என்று குரல் கொடுத்தார்.

அவர் போனைக் காதில் வைத்தபடியே இறங்கி வந்தார். கல்லைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அக்காதான், "வண்டி நின்னாக் கல்லு வைக்கணும்ல, அதேன் வச்சேன்" என்றார். அவர் மரியாதையாகச் சாவியை என் கையில் தந்துவிட்டு, கீழே இறங்கிய ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். பிரபு தம்பியிடம் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், நடந்தது இதுதான்.

அக்கா இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்குக் கோபமே வரவில்லை மாமா. வீட்டுக்கு வந்து குழம்பு கூட்டும்போது யோசித்தால், மனசு லேசாக இருந்தது. வண்டி நம்மை விட்டுப் போகவில்லை என்ற சந்தோஷம் அது.

நீங்கள் இல்லாதபோது தோட்டத்தை நான் பார்ப்பதே அந்த வண்டியை வைத்துத்தான். தமிழினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மலையேறினால், அவள் திரும்புவதற்குள் நானும் வீட்டில் இருப்பேன். ஜீப்பில் போனால் பெரிய எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்டு நம் தோட்டத்துக்கு வருவதற்குள் பாதிப் பகல் போய்விடும், திரும்ப இருட்டிவிடும். போன வாரம் வண்டி கிளம்பாத அன்று அப்படித்தான் ஆனது. அடுத்த வீட்டு ஜோதி மதினி மடியில் சீருடையோடு தூங்கிக்கொண்டிருந்தாள் பிள்ளை. வண்டியை விற்றால் தோட்டத்தையும் குத்தகைக்கு விட வேண்டியதுதான். அது எனக்குச் சம்மதமில்லை.

வண்டியோடு நான் படும் பாட்டை உங்கள் அய்யா பார்த்துவிட்டு, "கழுதைக்கு வாக்கப்பட்டுட்டு உதைக்குப் பயந்தா ஆகுமா ஆத்தா" என்று சிரிக்கிறார். அவர் வண்டியைத்தான் சொன்னார், உங்களை இல்லை. மெக்கானிக் சின்ராசு மட்டும், "ஒண்ணு முழுசாப் பாருங்கக்கா, இல்லாட்டி வித்துத் தள்ளிவிடுங்க. இப்பிடி ஒட்டுப்போட்டு மலையேறாதீக" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

அவன் சொன்னது சரி. நான் மலையேறும் நாளில் என் போன் வரும்வரை நீங்கள் சாப்பிடுவதில்லையாமே. சோணை அண்ணன் சொன்னார். நீங்கள் விற்கச் சொல்வது எதற்கென்று அப்போதுதான் முழுசாக விளங்கியது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். வண்டியை சின்ராசு ஷெட்டில் விட்டுவிட்டேன். பிரேக்கும் ரேடியேட்டரும் முழுசாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். அது முடியும்வரை ஜீப்பில்தான் போவேன். உங்களைக் கேட்காமல் செய்தேன். திட்டுவதென்றால் சாப்பிட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அந்த வண்டியை நீங்கள் வாங்கியபோது, வாடகைக்கு ஓட்டிக்கொண்டு ஊரோடு இருந்துவிடுவேன் என்றீர்கள். வண்டி காலை வாரியது, நீங்கள் விமானம் ஏறினீர்கள். அதனால் உங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. எனக்கு அப்படியில்லை. என்னோடு இருக்க ஆசைப்பட்டு நீங்கள் வாங்கிய வண்டி அது. யாரோ ஒருவர் அதை நம் வாசலிலிருந்து ஓட்டிப்போவதைப் பார்க்க என்னால் முடியாது மாமா.

அதற்காக விற்கவே கூடாது என்று அடம்பிடிக்கவும் இல்லை. வண்டி உங்கள் பேரில் இருக்கிறது. போன வருஷம் லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், இந்த வருஷம் அப்படிச் சொல்லாதீர்கள். வாருங்கள். நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். மெட்டுவரை போய் டீ குடித்துவிட்டு வருவோம். அப்புறமும் விற்கத்தான் வேண்டுமென்றால் நீங்களே விற்றுவிட்டுப் போங்கள். விற்ற பிறகு மஸ்கட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டாலும், ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
காளீஸ்வரி