மஞ்சள் பூசிய வண்டுகள்

கோடை 19ஆம் நாள், காலை 8.10
இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: நான் அங்கயற்கண்ணி, தாவரவியலாளர். இந்தக் கோளில் இப்போதைக்கு ஒரே ஆள். இன்று வழக்கமான நடை. மேடு முழுக்க முழங்கால் உயரப் புதர், வாய் மூடிய வெள்ளை மொட்டுகள். கிண்ணிப்பூ என்று பெயர் வைத்திருக்கிறேன். மொட்டைத் துளைத்து மகரந்தம் தின்கிற வண்டுகள் எங்கும். எண்ணிய வண்டை மறுபடி எண்ணாமலிருக்க முதுகில் ஒரு பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். சாயம் தீர்ந்துவிட்டது. சமையலறை மஞ்சள்தூளைக் குழைத்து வைக்கிறேன். குண்டாக, மெத்தனமாக இருந்த ஒன்றுக்கு எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநர் பெயரை வைத்தேன். மன்னிக்கவும், சார்.

24ஆம் நாள், மாலை 5.40
பொட்டு இல்லாத வண்டை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கே பெருமை. மேலே சுற்றும் கப்பலிலிருந்து தம்பி பரிதி பேசினான்.
"அக்கா, இங்க குடியேற முப்பது குடும்பம் மூட்டை கட்டிட்டு ஒக்காந்திருக்கு. முப்பதாம் நாள் காலைல நீ சொன்ன மேட்டுலயே எறக்கிடறேன். சாம்பார் வச்சு வை."

27ஆம் நாள், காலை 9.25
வண்டுகள் குறைந்துவிட்டன. அவற்றின் வளை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். பொட்டு வைத்தவை உள்ளே நுழையப் போனால், காவல் நிற்பவை முகர்ந்து பார்த்து வெளியே தள்ளுகின்றன. மஞ்சள் வாடை ஆகவில்லை. வெளியே செத்துக் கிடப்பவை எல்லாம் நான் தொட்டவை. துடைத்துப் பார்த்தேன், ஓட்டில் ஊறிவிட்டது.

29ஆம் நாள், பிற்பகல் 3.15
தின்ன வண்டில்லாமல் மொட்டுகள் உப்பி வெடிக்கின்றன. காற்றெல்லாம் வெள்ளை மகரந்தத் தூள். அடுப்பைப் பற்றவைத்தேன், சன்னல் வழியே வந்த தூள் குப்பென்று எரிந்து என் புருவம் போயிற்று. இதற்கு நடுவே கப்பல் நெருப்பைக் கக்கிக்கொண்டு இறங்கினால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இறங்காதே என்று சொல்ல ஓடினேன். ரேடியோவின் விசிறியில் தூள் அடைத்து, அனுப்பும் பகுதி கருகிக் கிடக்கிறது. கேட்க மட்டும் முடிகிறது.

30ஆம் நாள், காலை 6.50
"அக்கா, ரேடியோ மறுபடி மக்கர் பண்ணுதா? பரவால்ல, மேடு பத்திரம்னு நீ அனுப்பின அறிக்கை இருக்கே. மேலேருந்து பாத்தா மேடு வெள்ளை வெளேர்னு அவ்ளோ அழகா இருக்கு. பசங்க சன்னலை விட்டு நகர மாட்டேங்குதுங்க. எறங்க ஆரம்பிச்சுட்டோம்."

6.58
அவன் பற்றவைக்குமுன் நான் பற்றவைத்தாக வேண்டும். காற்று குடிலைப் பார்த்துத்தான் அடிக்கிறது. ஓட இடமில்லை. பயமாக இருக்கிறது. முதல் தீக்குச்சி கையிலேயே ஒடிந்துவிட்டது.

7.03
மேடு எரிகிறது. கதவைச் சாத்திவிட்டேன். சுவர் சுடுகிறது.
"அக்கா, கீழ ஒரே தீ. எறங்கல, மேல ஏத்திட்டேன். எல்லாரும் நல்லாருக்கோம். நீ அங்க இல்லைல்ல? தள்ளித்தான நிக்கிற? ஒரு வார்த்தை சொல்லு அக்கா."
கேட்கிறது. கேட்கிறது, பரிதி. அவனிடம் யாராவது சொல்லுங்கள், நான் வெகுதூரம் தள்ளித்தான் நின்றே